இணையத்தை நம்ப மறுத்தவர்கள் சொன்னது என்ன?

1995 பிப்ரவரி 27 தேதியிட்ட நியூஸ்வீக் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற அமெரிக்க வானியலாளர். இணையத்தைப் பற்றி ஊரெல்லாம் முரசு கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அத்தனையும் வெறும் ஓசை என்று எழுதினார். கணினியில் ஏற்றி வைக்கும் எந்தத் தகவல் தொகுப்பும் காலையில் வாசலில் விழும் செய்தித்தாளின் இடத்தைப் பிடிக்காது, எந்தக் குறுந்தகடும் நல்ல ஆசிரியருக்கு ஈடாகாது, எந்தக் கணினி வலையமைப்பும் அரசாங்கம் நடக்கும் விதத்தை மாற்றாது என்றார். சீக்கிரமே புத்தகமும் செய்தித்தாளும் இணையத்திலேயே வாங்கப்போகிறோம் என்று எம்.ஐ.டி. பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே சொல்லியிருந்ததை, "வாங்குவோம் வாங்குவோம்" என்கிற தொனியில் ஒதுக்கித் தள்ளினார்.

அந்தக் கட்டுரையின் படம் எனக்கு வாட்ஸ்அப்பில் பல தடவை வந்திருக்கிறது, கூடவே வயிறு குலுங்கச் சிரிக்கும் பொம்மைகளும். முதல் தடவை நானும் சிரித்தேன். பிறகு ஒரு நாள் தேடியெடுத்து முழுக் கட்டுரையையும் படித்தேன். பாதிக்கு மேல் சிரிப்பு வரவில்லை. இணையத்தில் பதிப்பாசிரியர் கிடையாது, சரிபார்ப்பவர் கிடையாது, எதைப் படிக்கலாம் எதை விட்டுவிடலாம் என்று சொல்ல ஆள் கிடையாது என்று அதே மனிதர் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். எல்லோரும் கத்துகிற இடத்தில் காது கொடுப்பவர் குறைவு, முகம் காட்டாதவர்களின் மிரட்டலும் தொல்லையும் அங்கே மிகுதி என்றும் எழுதியிருக்கிறார். இந்த வரிகளை யாரும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதில்லை.

ஒரே கட்டுரை, ஒரே மனிதர். பாதி இவ்வளவு தவறாகவும் மீதி இவ்வளவு சரியாகவும் போனது எப்படி? இணையத்தின் முதல் பத்து ஆண்டுகளில் அதை நம்ப மறுத்தவர்கள் ஒரு கூட்டமாகவே இருந்தார்கள். அவர்கள் யார், எதைச் சந்தேகப்பட்டார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் இங்கே எளிமையாகப் பார்க்கப் போகிறோம். கணினி பற்றித் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

வாக்குறுதி முதலில், சந்தேகம் பிறகு

யாராவது ஒன்றை வாக்களித்தால்தானே சந்தேகப்பட முடியும்? அன்றைய வாக்குறுதிகள் சாதாரணமானவை அல்ல. 1994 மார்ச்சில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி அல் கோர், அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரிஸ் நகரில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மாநாட்டில் பேசினார். உலகத்தை இணைக்கும் தகவல் வலையமைப்பில் பண்டைய ஏதென்ஸ் நகரத்து மக்களாட்சி மறுபடி பிறப்பதைக் காண்கிறேன் என்றார். 1996 பிப்ரவரி 8 அன்று ஜான் பெர்ரி பார்லோ என்பவர் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸிலிருந்து இணைய வெளிக்கான ஒரு சுதந்திரப் பிரகடனத்தையே வெளியிட்டார். தொழிற்சாலை யுகத்து அரசாங்கங்களே, எங்களை எங்கள் போக்கில் விட்டுவிடுங்கள், எங்கள் இடத்தில் உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம். இனம், பணம், ஆயுத பலம், பிறப்பால் வரும் அந்தஸ்து எதுவும் குறுக்கே நிற்காத ஓர் உலகத்தைத் தாங்கள் கட்டுவதாக அது சொன்னது.

பார்லோ அதை எழுதிய அதே நாளில் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் ஒரு தொலைத்தொடர்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பார்லோவின் கோபமே அந்தச் சட்டத்தின் தணிக்கைப் பகுதிகள் மீதுதான். அவற்றின் முக்கியமான பகுதியை 1997-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் 230-ஆவது பிரிவு தங்கிவிட்டது. பிறர் எழுதுவதைத் தாங்கி நிற்கும் இணையச் சேவையை, அந்த எழுத்தின் பதிப்பாளராக நடத்தக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. இங்கே பதிப்பாசிரியரே இல்லையே என்று ஸ்டோல் புலம்பி ஓராண்டு கூட ஆகவில்லை. பதிப்பாசிரியரின் பொறுப்பை அந்தச் சேவைகளின் தலையில் கட்ட முடியாது என்று சட்டமே சொல்லிவிட்டது. அது சரியா தவறா என்ற வழக்கு இன்றுவரை ஓய்ந்தபாடில்லை.

இந்தப் பெரிய பேச்சுகளுக்கு நடுவே உண்மையான இணையம் எப்படி இருந்தது? 1994 இறுதியில் உலகம் முழுக்க இருந்த வலைச் சேவையகங்கள், அதாவது வலைப் பக்கங்களை வைத்திருந்து கேட்பவர்களுக்கு அனுப்பும் கணினிகள், ஏறத்தாழ 10,000. வீட்டு இணைப்பு என்றால் தொலைபேசிக் கம்பியில் மோடம் என்ற இணைப்புக் கருவியைச் செருகுவது. அது கிறீச்சிட்டு, இரைந்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இணையும். அந்த நேரத்தில் வீட்டுக்கு யார் போன் செய்தாலும் 'என்கேஜ்டு' ஒலிதான் கேட்கும். அன்றைய மோடத்தின் வேகம் நொடிக்கு 14,400 பிட் (பிட் என்பது தகவலின் மிகச் சிறிய அலகு). ஒரு மெகாபைட் அளவுள்ள படத்தில் ஏறத்தாழ 80 லட்சம் பிட்டுகள். வகுத்துப் பாருங்கள், 555 நொடி. ஒரே ஒரு படம் இறங்க ஒன்பது நிமிடத்துக்கு மேல். நடுவில் யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏதென்ஸ் இந்தக் கம்பி வழியாகத்தான் வரப்போகிறது என்று சொன்னால் சந்தேகம் வராதா?

டிராஃபல்கர் சண்டை எந்தத் தேதியில் நடந்தது?

சந்தேகப்பட்டவர்கள் என்றால் கணினியைக் கண்டு மிரண்ட பழைய ஆட்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டோல் விஷயத்தில் அது சுத்தமாகப் பொருந்தாது. 1986-ல் அவர் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடித்தது. மற்றவர்களாக இருந்தால் தூசி தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் அந்த 75 சென்ட்டைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இரவு பகலாகத் துரத்தினார். கடைசியில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் நுழைந்து, எடுத்ததை சோவியத் உளவுத்துறைக்கு விற்ற ஒரு கும்பல் பிடிபட்டது. வலையமைப்பு என்றால் என்ன என்று உலகத்தில் பெரும்பாலோருக்குத் தெரியாத காலத்திலேயே அதன் சந்து பொந்தெல்லாம் நடந்து பார்த்தவர் அவர்.

அவர் தன் கட்டுரையில் ஒரு சின்னச் சோதனையைச் சொல்கிறார். நெப்போலியன் காலத்து டிராஃபல்கர் கடற்சண்டை எந்தத் தேதியில் நடந்தது என்று இணையத்தில் தேடியிருக்கிறார். நூற்றுக்கணக்கான கோப்புகள் வந்து விழுந்தன. ஒன்று எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதிய வாழ்க்கை வரலாறு. இன்னொன்று ஓடாத கணினி விளையாட்டு. மூன்றாவது லண்டன் நினைவுச் சின்னம் ஒன்றின் படம். கால் மணி நேரம் கிளறியும் தேதி கிடைக்கவில்லை. (1805 அக்டோபர் 21 என்று இன்று நம் கைப்பேசி ஒரு நொடிக்குள் சொல்லிவிடுகிறது.)

அன்றைய தேடல் கருவிகள் செய்ததெல்லாம் சொல்லைச் சொல்லோடு பொருத்துவதுதான். 'டிராஃபல்கர்' என்ற சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் அள்ளிக் கொட்டிவிடும். எது நம்பத்தக்கது, எது குப்பை என்று தரம் பிரிக்கத் தெரியாது. இதற்கு வழி கண்டவர்கள் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும். ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் கொடுக்கும் இணைப்பை ஓட்டுப் போல எண்ணினார்கள். அதிலும் பலர் மதிக்கும் பக்கம் போடும் ஓட்டுக்குக் கூடுதல் மதிப்பு. 1998-ல் கூகுள் நிறுவனமாகத் தொடங்கப்பட்டதும் ஸ்டோலின் கால் மணி நேரம் ஒரு நொடியாகிவிட்டது.

ஸ்டோல் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் எழுதினார். தான் பார்த்த இணையம் அப்போதைக்கு அப்படி இருக்கிறது என்று எண்ணாமல், இணையத்தின் குணமே அதுதான் என்று எண்ணிவிட்டார். நாற்றங்காலைப் பார்த்து இந்த வயலில் நெல் விளையாது என்று சொன்னதைப் போல. இணையத்தில் பணம் அனுப்பப் பாதுகாப்பான வழி இல்லை என்றார். அன்று பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ரகசியக் குறியீட்டில் பணத் தகவலை அனுப்பும் முறை அந்த ஆண்டே புழக்கத்துக்கு வரத் தொடங்கியது, அமேசான் புத்தகக் கடையும் ஜூலையில் திறந்துவிட்டது. அவர் கணிப்புக்கு ஆயுள் ஐந்து மாதம்.

தன் எழுத்தைத் தானே குடித்தவர்

ராபர்ட் மெட்கால்ஃப் கதையும் இதே வகைதான், ஆனால் இன்னும் நுணுக்கமானது. கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட்டை 1973-ல் உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். இன்றும் அலுவலக மேசைக்குக் கீழே ஓடும் நீலக் கம்பியில் அவர் வேலை இருக்கிறது. அப்படிப்பட்டவர் 1995 டிசம்பரில் இன்ஃபோவேர்ல்ட் இதழில், இணையம் 1996-ல் வெடித்துச் சிதறி விழுந்துவிடும் என்று எழுதினார். தவறாகிவிட்டால் எழுதியதைத் தின்றுவிடுகிறேன் என்றும் சொன்னார். விழவில்லை. 1997 ஏப்ரலில் சான்டா கிளாராவில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டின் மேடையில், அந்தப் பத்தியை அச்சிட்ட தாளை மிக்ஸியில் தண்ணீர் விட்டு அடித்து எல்லோர் முன்னாலும் உட்கொண்டார். சொன்ன சொல்லுக்கு இப்படிக் கணக்கு ஒப்படைத்த ஆரூடக்காரர் வேறொருவரை எனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்கு அதனாலேயே மரியாதை.

அவருடைய பயம் கற்பனையும் அல்ல. 1986 அக்டோபரில் ஒரு விசித்திரம் நடந்தது. அதே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் நடுவிலான இணைப்பில் தகவல் நொடிக்கு 32,000 பிட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அது நொடிக்கு 40 பிட்டாக விழுந்தது. 32,000 எங்கே, 40 எங்கே! கம்பி அறுபடவில்லை, கருவி பழுதாகவில்லை. பிறகு என்ன ஆயிற்று?

இணையத்தில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகும். போய்ச் சேர்ந்ததும் 'வந்தது' என்று மறுமுனையிலிருந்து ஒரு சேதி வரும். சேதி வராவிட்டால் பொட்டலம் தொலைந்துவிட்டது என்று எண்ணி, அனுப்பிய கணினி மறுபடி அனுப்பும். வழியில் நெரிசல் என்றால் பொட்டலங்கள் தாமதமாகும். உடனே ஒவ்வொரு கணினியும் அதே பொட்டலத்தை இரண்டாவது, மூன்றாவது முறை அனுப்பும். நெரிசல் இன்னும் கூடும். ஒரு முச்சந்தியில் வண்டிகள் சிக்கிக்கொண்டதும் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் இடைவெளி கிடைத்த இடத்தில் மூக்கை நுழைப்பார்களே, அதேதான். கடைசியில் யாரும் நகர முடியாது. அந்த ஆய்வகத்திலேயே வேலை பார்த்த வான் ஜேக்கப்சன் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. சேதி வரவில்லையா, வேகத்தைக் குறை. வழி திறந்தால் மெல்ல மெல்லக் கூட்டு. 1988-ல் அவர் வெளியிட்ட அந்த முறைகளின் வழித்தோன்றல்கள் இன்று நம் கைப்பேசிக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆக, இணையம் ஒரு தடவை உண்மையிலேயே மூச்சுத் திணறியிருக்கிறது. 1996 ஆகஸ்டு 7 அன்று அமெரிக்கா ஆன்லைன் சேவை 19 மணி நேரம் படுத்துவிட, 60 லட்சம் சந்தாதாரர்கள் வெளியே நின்றார்கள். மெட்கால்ஃப் சொன்ன நோய் இருந்தது. ஆனால் நோய் முற்றும்வரை மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டார்கள் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

இதுவரை பார்த்த சந்தேகங்கள் ஒரே கேள்வியைக் கேட்டன: 'இந்த இயந்திரத்தால் இது முடியுமா?' இந்தக் கேள்விக்கு 'முடியாது' என்று பதில் சொன்னவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தோற்றார்கள். வேறு கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களை நாம் போதுமான அளவு படிக்கவில்லை.

நாற்பது ஆண்டு தாமதம்

பொருளாதார அறிஞர்களின் சந்தேகம் பலனைப் பற்றியது. ராபர்ட் சோலோ 1987-ல் ஒரு வரி எழுதினார்: கணினி யுகத்தை எங்கு பார்த்தாலும் காண முடிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணோம். அமெரிக்க நிறுவனங்கள் கணினிக்குப் பணத்தைக் கொட்டியும், ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கும் வேலையின் அளவு எதிர்பார்த்தபடி கூடவில்லை. இதற்கு 'சோலோ முரண்' என்றே பெயர் வந்துவிட்டது.

ஏன் இப்படி என்று விளக்கியவர் பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட். 1990-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அவர் கணினியை மின்சாரத்தோடு ஒப்பிட்டார். இந்த ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது. நீராவி காலத்துத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். கீழே ஒரு பெரிய நீராவி இயந்திரம். அது சுழற்றும் நீண்ட இரும்புத் தண்டு கூரையோடு கூரையாக ஓடும். அதிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் சுழற்றும். தண்டு நீளமாகப் போனால் சக்தி வீணாகும். அதனால் கட்டடத்தை மாடி மாடியாக உயர்த்திக் கட்டினார்கள். எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் 1882-ல் வந்தது. முதலாளிகள் செய்தது என்ன? நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரிய மின் மோட்டாரை வைத்தார்கள். தண்டு, பட்டை, மாடி எல்லாம் அப்படியே. பலன் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனித்தனிச் சின்ன மோட்டார் வைக்கலாம், அப்படி வைத்தால் எந்திரங்களை வேலை நகரும் வரிசையில் தரையில் பரப்பலாம், கட்டடத்தையே ஒற்றைத் தளமாக மாற்றலாம் என்று புரிய ஒரு தலைமுறை ஆயிற்று. அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறன் துள்ளி எழுந்தது 1920-களில். ஏறக்குறைய 40 ஆண்டுகள்.

இணையம் வந்ததும் செய்தித்தாள்கள் அச்சில் வந்ததை அப்படியே திரையில் ஏற்றினவே, அது பழைய தண்டில் புது மோட்டாரை மாட்டிய கதை. அமெரிக்காவில் உற்பத்தித்திறன் 1990-களின் நடுவிலிருந்து ஏறி, 2004 வாக்கில் மறுபடி தளர்ந்தது. சோலோவின் சந்தேகம் பொய்யென்று தள்ளவும் முடியாது, முழு உண்மை என்று கொள்ளவும் முடியாது.

இந்த வரிசையில் பால் க்ருக்மனும் உண்டு. பின்னாளில், 2008-ல், நோபல் பரிசு பெற்றவர். 2005 வாக்கில் இணையம் பொருளாதாரத்தில் ஏற்படுத்திய தாக்கம் ஃபேக்ஸ் எந்திரத்தைவிடப் பெரிதல்ல என்பது தெரிந்துவிடும் என்று 1998-ல் எழுதினார். பெரும்பாலான மனிதர்களுக்கு ஒருவரோடு ஒருவர் பேச எதுவுமில்லை என்பது அவர் சொன்ன காரணம். காலையில் எழுந்ததும் நூறு 'குட் மார்னிங்' படங்கள் வந்து குவியும் எந்தக் குடும்பக் குழுவையும் அவர் பார்த்ததில்லை போலும். சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் 'நான் இருக்கிறேன்' என்று தெரிவிக்க மனிதர்கள் ஆயிரம் வழி கண்டுபிடிப்பார்கள்.

எண்ணிப் பார்த்தவர்கள்

சந்தேகம் என்றாலே 'நடக்காது' என்று சொல்வதல்ல. ஒட்லிஸ்கோ, காஃப்மன் என்ற இருவரின் வேலை அதற்கு நல்ல சாட்சி. இவர்கள் அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தார்கள்.

1990-களின் இறுதியில் ஒரு வாக்கியம் எல்லோர் வாயிலும் இருந்தது: 'இணையப் போக்குவரத்து 100 நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது.' வேர்ல்ட்காம் போன்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதைச் சொல்லி முதலீட்டைத் திரட்டின. 1998-ல் அமெரிக்க வணிகத் துறையின் அறிக்கையிலேயே அது ஏறிவிட்டது. கேட்கச் சின்ன வாக்கியம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பு என்றால் ஓராண்டில் சுமார் பன்னிரண்டரை மடங்கு. மூன்று ஆண்டில் ஏறக்குறைய 2,000 மடங்கு!

இவர்கள் இருவரும் எதிர்வாதம் பேசவில்லை. கிடைத்த போக்குவரத்துப் புள்ளிவிவரங்களை எடுத்து எண்ணினார்கள். 1995, 1996 ஆண்டுகளில் ஒரு குறுகிய காலம் அந்த வேகம் உண்மையாகவே இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு போக்குவரத்து ஆண்டுக்கு ஒரு முறைதான் இரட்டிப்பாகிக்கொண்டிருந்தது. அதாவது மூன்று ஆண்டில் 8 மடங்கு. ஆண்டுக்கு இரு மடங்கு என்பதே பேய் வளர்ச்சி, எந்தத் தொழிலும் கனவு காணும் வேகம். ஆனால் நிறுவனங்கள் 2,000 மடங்கை நம்பித் தகவலைச் சுமக்கும் கண்ணாடி இழைகளைக் கண்டம் விட்டுக் கண்டம் புதைத்துக்கொண்டிருந்தன. இரண்டு ஆய்வாளர்களும் 1998-லேயே இதை எழுதிவிட்டார்கள். கேட்க ஆளில்லை.

2000 மார்ச் 10 அன்று 5,048 புள்ளியில் நின்ற நாஸ்டாக் பங்குச் சந்தைக் குறியீடு, 2002 அக்டோபரில் 1,114-க்கு இறங்கியது. 2002 ஜூலையில் வேர்ல்ட்காம் திவாலானது, அதுவரை அமெரிக்கா கண்ட திவால்களில் அதுதான் பெரியது. எத்தனையோ பேரின் ஓய்வுக்காலச் சேமிப்பு அந்தச் சரிவில் போயிற்று. 2,000-க்கும் 8-க்கும் உள்ள தூரம் காகிதத்தில் வெறும் எண். அதை நம்பி வேலை மாறியவர்களுக்கும் வீட்டை அடகு வைத்தவர்களுக்கும் அது வாழ்க்கை.

இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கடலுக்கடியில் 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் போடப்பட்ட டைகோ நிறுவனத்தின் கம்பி வலையமைப்பு, விலை போகாமல் கிடந்தது. 13 கோடி டாலருக்கு அதை வாங்க முன்வந்தது வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்டு 15 அன்று இந்தியப் பொதுமக்களுக்கு முதன்முதலாக இணைய இணைப்பு கொடுத்த அதே நிறுவனம்தான், அப்போது டாடா குழுமத்தின் கைக்கு வந்திருந்தது. மிகையான வாக்குறுதியை நம்பி யாரோ போட்ட கம்பியில், அடிமாட்டு விலைக்கு நமக்குப் பாதை கிடைத்தது.

'முடிந்தால் என்ன ஆகும்?'

என் பார்வையில் மிக ஆழமான சந்தேகம் லாங்டன் வின்னருடையது. தொழில்நுட்பத்தின் அரசியலை ஆராய்ந்தவர். 1986-ல், அதாவது உலகளாவிய வலை பிறப்பதற்கு முன்பே, புராணத்தையும் தகவலையும் ஒட்டிப் புதுச் சொல் ஒன்றைப் பயன்படுத்தினார். தமிழில் 'தகவல் புராணம்' என்று வைத்துக்கொள்வோம். கணினியும் தகவலும் எல்லோர் கைக்கும் போய்விட்டால் நல்ல உலகம் தானாகவே வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அவர் வைத்த பெயர் அது.

அந்த நம்பிக்கைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நான்கு படிகள் ஒளிந்திருப்பதாக அவர் காட்டினார். மக்களுக்குக் குறை தகவல்தான். தகவல் என்றால் அறிவு. அறிவு என்றால் அதிகாரம். ஆகவே தகவல் பரவினால் அதிகாரமும் சமமாகப் பரவும். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஒவ்வொரு படியையும் தனியாகத் தட்டிப் பாருங்கள். தன் நிலத்தின் பட்டா பக்கத்து வீட்டுக்காரர் பெயருக்கு மாறிவிட்டது என்ற தகவல் ஒரு விவசாயிக்கு இணையத்தில் நொடியில் கிடைத்துவிடுகிறது. தகவல் கிடைத்தாயிற்று. அதைத் திருத்த எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்ற அறிவு அதோடு சேர்ந்து வருவதில்லை. அது தெரிந்தாலும், அங்கே அவர் சொல் எடுபடும் அதிகாரம் வருவதில்லை. முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நடுவில்தான் சமூகம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. கணினியால் முதலில் பலம் பெறுபவர்கள் ஏற்கெனவே பலம் உள்ளவர்களே, அதாவது பெரும் நிறுவனங்களும் அரசின் உளவுத் துறைகளும் ராணுவமும்தான் என்றும் வின்னர் எச்சரித்தார். அவர் 'முடியாது' என்று சொல்லவே இல்லை. முடியும் என்று ஒப்புக்கொண்டுதான் பேசினார்.

காஸ் சன்ஸ்டீன் என்ற சட்டப் பேராசிரியர் 2001-ல் இதே போன்ற கேள்வியை வேறு பக்கமிருந்து கேட்டார். ஒவ்வொருவருக்கும் அவரவர் விருப்பப்படி பொறுக்கித் தரும் தனிச் செய்தித்தாள் வரும் என்று நெக்ரோபான்டே ஆசையோடு சொல்லியிருந்தார். அது வந்தால் என்ன ஆகும் என்று சன்ஸ்டீன் யோசித்தார். நமக்குப் பிடிக்காததும், தேடாததும் வழியில் எதிர்ப்படும் வாய்ப்பு போய்விடும், தன் கருத்தின் எதிரொலியை மட்டுமே கேட்பவர்கள் இன்னும் இறுகிப்போவார்கள் என்றார். இது எந்த அளவுக்கு நடந்திருக்கிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எதிர்க் கருத்து நம் திரைக்கு வரத்தான் செய்கிறது, அதைக் கண்டு கோபம்தான் கூடுகிறது என்று சொல்பவர்களும் உண்டு.

தனிமை பற்றிய சந்தேகத்தின் கதை இன்னும் சுவையானது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் க்ராட் குழுவினர் பிட்ஸ்பர்க் நகரத்துக் குடும்பங்களுக்குக் கணினியும் இணைய இணைப்பும் கொடுத்து, முதல் ஓரிரு ஆண்டுகள் கவனித்தார்கள். 73 வீடுகள், 169 பேர். 1998-ல் முடிவு வந்தது: இணையத்தை அதிகம் பயன்படுத்தியவர்களிடம் வீட்டாரோடு பேச்சு சற்றே குறைந்து, தனிமையும் மனச்சோர்வும் சற்றே கூடியிருந்தன. உலகப் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. அதே குழு விட்டுவிடாமல் தொடர்ந்து பார்த்து 2002-ல் இன்னொரு முடிவை வெளியிட்டது. முதலில் கண்ட தீய விளைவுகள் பெரும்பாலும் கரைந்துவிட்டன. புதிதாகச் சேர்த்தவர்களிலோ, ஏற்கெனவே நண்பர்கள் நிறைய உள்ள கலகலப்பான சுபாவக்காரர்களுக்கு இணையத்தால் நன்மை கூடியிருந்தது, ஒதுங்கும் சுபாவம் உள்ளவர்களுக்குக் குறைந்திருந்தது. இருப்பவருக்கே மேலும் சேரும் என்ற இந்த விஷயத்தில் வின்னரின் குரல் மறுபடி கேட்கிறது.

நம் மொழிக்கும் ஒரு சந்தேகம் இருந்தது

இணையம் ஆங்கிலத்தின் சொத்தாகவே இருந்துவிடும் என்ற பயம் அன்று பல மொழிக்காரர்களுக்கு இருந்தது. தமிழில் அதற்கு வலுவான காரணம் உண்டு. கணினிகளின் அடிப்படை எழுத்துக் குறியீட்டில் மொத்தமே 128 இடங்கள், அவ்வளவும் ஆங்கிலத்துக்கு. ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனித்தனிக் குறியீடு வைத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியதை இன்னொன்றில் திறந்தால் புள்ளியும் கோடும் ஐரோப்பிய எழுத்துகளுமாகச் சிதறிக் கிடக்கும். பிரித்துப் பார்த்தால் அம்மாவின் கடிதம் இப்படி வந்து நிற்கும். 'இதெல்லாம் நமக்குச் சரிப்படாது' என்று சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சிலர் வேலையாக மாற்றினார்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை வலையில் ஏற்றினார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைக் கைப்படத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாக ஏற்றினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடாகிய ஒருங்குறி (யூனிகோட்) பரவிய பிறகுதான் எழுத்துரு நரகம் முடிந்தது. தமிழ் இணையத்தில் நிலைத்ததற்கு இணையம் காரணமல்ல. சம்பளமில்லாமல் இரவு உட்கார்ந்த மனிதர்கள் காரணம். வின்னர் சந்தேகப்பட்ட 'தானாகவே வந்துவிடும்' என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியாது.

மறுபடி ஸ்டோலிடம் வருவோம். 2010-ல் அந்தப் பழைய கட்டுரை மறுபடி உலகத்தின் கண்ணில் பட்டபோது, தான் செய்த எத்தனையோ தவறுகளில் இவ்வளவு பகிரங்கமானது அரிது என்று நேராக ஒப்புக்கொண்டார். இன்று அவர் கலிஃபோர்னியாவில் தன் வீட்டிலிருந்தபடி இணையத்தில் கடை நடத்துகிறார். விற்பது க்ளைன் குடுவை, உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற பிரிவே இல்லாத, கணிதக்காரர்கள் விரும்பும் ஒரு கண்ணாடி வடிவம். வீட்டின் அடித்தளத்துக்குக் கீழே, ஆள் தவழ்ந்தே போக முடிகிற இடுக்கில் நூற்றுக்கணக்கான குடுவைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார். யாராவது கேட்டால், தானே செய்த பொம்மை அளவு ரோபோ வண்டியைக் கேமராவோடு உள்ளே ஓட்டிப் பெட்டியை வெளியே எடுக்கிறார். இணைய வணிகத்தில் விற்பனையாளர் என்ற மனிதரே இல்லையே என்பதுதான் 1995-ல் அவருடைய பெரிய குறை. அவருடைய கடையில் விற்பனையாளர் இருக்கிறார். பெட்டியைத் துடைத்து, பார்சல் கட்டி, முகவரி எழுதுவது அவரேதான்.